நாய்க்கும் ஒரு கல்

தமிழ்நாட்டில் இன்று திருவண்ணாமலை மாவட்டம் என வழங்கும் பகுதியில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர் உள்ளது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்தது அவ்வூர். அங்குக் கிடைத்த நடுகல் ஒன்றில் ஆயுதம் தாங்கிய வீரன் ஒருவன் நிற்கின்றான். அவனோடு ஒரு நாயும் நிற்கின்றது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழக் கி.பி. 624இல், நாட்டப்பெற்ற கல் அது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட வாசகம் வீரனின் பெயரைக் கருந்தேவக்கத்தி எனத் தருகின்றது. பொற்றொக்கையார் என்பாரின் இளமகன் அவன். எருமைகளின் பொருட்டு எழுந்த பூசலில் உயிர் துறந்தவன்.

இவ்வளவோடு நின்றிருந்தால், செங்கம் வட்டாரத்தில் கிடைத்த எத்தனையோ நடுகற்களுள் இதுவும் ஒன்றாகிப் போயிருக்கும். ஆனால் கல்லைப் பொறித்தவன் அவ்வளவில் நிறுத்தவில்லை. நாயின் உருவத்தை ஒட்டித் தனியே சில சொற்களைச் செதுக்கினான். அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அச்சொற்கள் தெரிவிக்கின்றன.

இங்குச் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். நாய் இறந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை. காத்திருந்தது என்றே கூறுகின்றது. எதைக் காத்திருந்தது? எருமைகளையா, வீழ்ந்து கிடந்த தலைவனின் உடலையா? அறிஞர் சிலர் பின்னதையே கொள்வர். எவ்வாறாயினும், துயரத்தோடு கல் எடுத்த உறவினர், இறந்தவனுக்கு அருகில் நாயையும் நிறுத்த வேண்டும் என எண்ணினர்; அதற்கும் மேலாக, அதன் பெயர் மறைந்துவிடலாகாது என எண்ணினர். மகேந்திரவர்மன் காலத்தில் வாழ்ந்த மக்களுள் எத்தனை பேரின் பெயரை இன்று நாம் அறிவோம்? அரசர், குறுநில மன்னர், அடியார், புலவர் எனச் சிலரை அறிவோம். உழுதவர், நெய்தவர், மாடு மேய்த்தவர் ஆகியோரின் பெயர்களுள் மிகச் சிலவே நமக்குக் கிட்டின. கோவிவன் என்னும் நாயின் பெயரோ பதினான்கு நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளது. தமிழக அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியின் வாயிலாக அவ்வட்டாரக் கற்கள் தமிழுலகின் பார்வைக்கு வந்தன.

நடுகல் என்பது எளிதில் கிட்டும் சிறப்பன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல் நாட்டும் முறையை ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தி வணங்கும் ஒரு சமுதாயம், அந்த வரிசையில் ஒரு நாய்க்கும் இடம் தந்தது. நாய்க்கு மட்டுமன்று. விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றுக்கே நடுகல் எடுத்திருக்கின்றனர். சேவற்கட்டில் மாண்ட பறவைக்குக் கல்லா என நகைப்பார் நகைக்கட்டும், அச்சேரியார் நகைக்கவில்லை.

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்; நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்னும் பழமொழியை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. எறிவதற்குக் கல் தேடும் பொருள் ஒன்று. சிற்பத்தில் நாயைப் பார்ப்பவன் கல்லை மறக்கின்றான், கல்லைப் பார்ப்பவன் நாயை மறக்கின்றான் என்னும் நயப்பொருள் மற்றொன்று. எடுத்தனூரில் கல்லும் நாயும் ஒருங்கே காணக் கிடைக்கின்றன என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தால், பாடம் சற்றே சுவை பெறும்.

எடுத்தனூருக்கு மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்ட மற்றொரு கல்லையும் நாம் அறிதல் வேண்டும். கருநாடக மாநிலத்து மாண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரில் நின்றது அது. காலம் சக ஆண்டு 872, ஏறத்தாழக் கி.பி. 949-50, மொழி கன்னடம். வரலாற்று மாணவர்க்கு இக்கல் வேறொரு காரணத்தால் அறிமுகமானது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், முதற் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனை எதிர்த்துப் பொருது யானைமீதிருந்தே மாண்டான். சோழர் கல்வெட்டுகள் அவனை 'யானைமேல் துஞ்சிய தேவர்' எனப் போற்றும். அவனைக் கொன்றவன் கிருட்டிணனின் துணைவனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் என்னும் செய்தியை ஆதகூர்க் கல் தருகின்றது. சோழப் பேரரசின் எழுச்சியைப் பல்லாண்டுகள் பின்னடையச் செய்த போர் அது. ஆகவே வரலாற்று நூல்கள் இக்கல்லைத் தவறாது குறிப்பிடும்.

ஆனால் அக்கல் தக்கோலப் போருக்காக நாட்டப்பட்டதன்று. காளி என்னும் வேட்டைநாய்க்காக நாட்டப்பட்டது அது! பூதுகனின் படைத்தலைவருள் மணலேரன் என்பவன் பெரு வீரம் காட்டினான். மகிழ்ந்த மன்னன் வேண்டுவதைக் கேள் என்றான். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். மணலேரன் காளியைத் தருக எனக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் பெலத்தூரை ஒட்டிய குன்றில் பெருங் காட்டுப்பன்றி ஒன்றின்மீது காளியை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. ஆதகூர்ச் சிவன் கோயிலின் முன் மணலேரன் கல் நாட்டினான். ஏரியின் கீழ் விளைநிலத்தை அக்கல்லுக்குக் கொடையாக எழுதிவைத்தான். பூசை செய்பவன் அக்கல்லை வழிபடாது உண்பானாயின் பாவத்திற்கு ஆளாவான் என்றும் பொறித்தான். ஒரு நாயின் பிரிவால் வருந்திய மனிதன், தன் காலத்திற்குப் பின்னும் யாரேனும் நாள்தோறும் அதனை நினைத்தல் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. சோழ இளவரசனின் சாவு அதில் இடையே வரும் செய்தி. நாயின் சாவே தலைப்புச் செய்தி. இதைப் படிக்கும் சோழப் பற்றாளருக்குச் சிறிது மனத்தாங்கல் ஏற்படலாம். எனக்கும் முதன்முறை ஏற்பட்டது.

இத்தகைய துயரம் நம் நிலத்திற்கு மட்டும் உரியதன்று. காசுமீரத்துப் புர்சஹோமில் புதிய கற்கால மக்கள் தம் நாய்களையும் புதைகுழியில் இட்டிருக்கின்றனர். எகிப்தில் கீசாப் பகுதியில் 1935இல் கிடைத்த கல்வெட்டு ஒன்று, அபுவ்தியூ என்னும் காவல் நாய்க்கு, மன்னனே சவப்பெட்டியும் மெல்லிய துணியும் நறும்புகைப் பொருளும் தந்து கல்லறை கட்டச் செய்ததை உரைக்கின்றது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி அது. கிரேக்கரின் ஒடிசி காப்பியத்தில், இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் மீளும் தலைவனை இனங்கண்டு உயிர் விடுகின்றது ஆர்கோசு என்னும் நாய். நம் பாரதத்திலோ, நாயை விட்டு வா எனக் கூறப்பட்ட தருமன், அந்நிலையில் விண்ணுலகமே வேண்டா என மறுத்து நிற்கின்றான். தம்பியரும் மனைவியும் வழியில் வீழ்ந்தபோது திரும்பிப் பாராது நடந்தவன் நாய்க்காக நின்றான் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது.

தமிழரின் மனத்தில் நாயைப் பற்றிய எண்ணம் இருவேறாகவே இருந்து வந்துள்ளது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயேன் என்கின்றார். தெருச்சண்டையில் முதலில் வரும் வசைச் சொல்லும் அதுவே. பொருளற்ற சாவை 'நாய்ச் சாவு' என்கின்றோம். மறுபுறம், நாலடியார் நட்பிற்கு உவமை தேடியபோது யானையைத் தள்ளி நாயைக் கொண்டது. பழகிய பாகனையே யானை கொல்லும், தன்மேல் வேலெறிந்தவனுக்கும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அதன் காரணம். நாயின் குட்டியைக் குருளை என வழங்குதல் மரபு என்று தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. புலிக்கும் அதே சொல்தான். காலபைரவரின் ஊர்தி நாய். ஊர்க்காவல் தெய்வங்களின் கோயில்களில் குதிரையோடு நாயின் சிலையும் நிற்பதுண்டு. இகழ்ச்சியும் பெருமையும் ஒரே முற்றத்தில் வாழ்ந்தன. துயரம் வரும்போது இகழ்ச்சி முந்திக்கொள்கின்றது என்பதே இடர்ப்பாடு.

இவ்விடத்தில் எடுத்தனூரை விட்டு நம் பேரா மாநிலத்திற்கு வருவோம். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட கித்தா மரங்களிலிருந்து தொடங்கி, பின்னர்ச் சுங்கை சிப்புட், செமோர், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் எனக் கித்தாக்காடுகள் பரந்தன. கடல் கடந்து வந்த தமிழர் தம் காவல் தெய்வங்களைக் கொண்டுவந்து முனீசுவரருக்கும் மதுரைவீரனுக்கும் மர நிழலில் கோயில் எடுத்தனர். நாயைக் கப்பலில் ஏற்றி வர இயலாது. ஆனால் நாய் வளர்க்கும் பழக்கம் உடன் வந்தது. லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயைத் தவிர்த்துத் தோட்ட வாழ்வை எண்ணிப் பார்க்க முடியுமா?

விடியுமுன் பெரட்டுக்கு எழும் குடும்பத்தோடு அதுவும் எழும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நிரை நிரையாகப் பால்வெட்டும் பெண்ணுக்கு முன்னே அது ஓடும். பாம்பு கிடந்தால் குரைத்து நிறுத்தும். பன்றி உறுமினால் இடையே பாயும். கணவன் ஒரு நிரையிலும் மனைவி ஒரு நிரையிலும் பிரிந்து வேலை செய்யும் இருட்டில், அவளுக்கு நாய்தான் துணை. பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும் நேரத்தில் திறந்து கிடக்கும் வீட்டிற்கும் அதுவே பூட்டு. ஓய்வு நாட்களில் இளைஞர் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்வர். பன்றியின் கொம்பு வயிற்றைக் கிழித்து, தோளில் தூக்கி வரப்பட்ட நாய்கள் உண்டு. மணலேரனின் காளிக்கும் அவற்றிற்கும் வீரத்தில் வேற்றுமை ஏதுமில்லை. காளிக்குக் கல்லும் கழனியும் கிடைத்தன. இவற்றிற்குக் கித்தா மரத்தடியில் ஒரு குழி கிடைத்தது. மறுநடவுக்கு மரங்கள் சாய்ந்தபோது குழியின் அடையாளமும் சாய்ந்தது. பின்னர் அங்கே செம்பனை வந்தது.

வரலாறு இந்நாய்களைக் கண்டதே இல்லையா என்றால், கண்டது. வேறு முறையில் கண்டது. 1952இல் மலாயாவில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. தெருநாய்களை அழிப்பதும் வளர்ப்பு நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் கடுமையாக நடைபெற்றன. நோய் கொடியது, அரசின் நடவடிக்கையைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கழுத்தில் உரிம வில்லை இல்லாத நாய், சட்டத்தின் பார்வையில் யாருடைய நாயும் அன்று. வில்லையில் இருந்ததும் எண்ணே, பெயரன்று. லயத்தில் அதற்கு இருந்த பெயரை எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

அதே காலத்தில் வேறொரு நாய்க்குப் பெயரும் பெருமையும் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரையர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. காட்டில் போராளிகளைத் தடம் பிடிக்கப் பிரித்தானிய வான்படைக் காவலர் நாய்களைப் பயன்படுத்தினர். லக்கி என்னும் நாய் 1949 முதல் 1952 வரை மலாயாக் காடுகளில் பணியாற்றியது. உடன் பணியாற்றிய பாபி, ஜாஸ்பர், லாஸ்ஸி ஆகிய மூன்றும் உயிர் பிழைக்கவில்லை. 2007இல், அஃதாவது அரை நூற்றாண்டிற்குப் பின், லக்கிக்கு விலங்குகளுக்குரிய வீர விருதாகிய டிக்கின் பதக்கத்தை இலண்டனில் வழங்கினர். நான்கு நாய்களின் பெயரும் நமக்குத் தெரியும். எழுதி வைக்க ஆளிருந்தால் பெயர் நிற்கும்.

எழுதி வைத்ததையும் அழிக்கும் காலங்கள் உண்டு. தோக்கியோவில் சிபுயா இரயில் நிலையத்தின் வாயிலில், 1925இல் இறந்துபோன பேராசிரியர் வுவேனோவுக்காக ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்த ஹாச்சிகோவின் கதையை நம் மாணவர் திரைப்படத்தின் வழி அறிவர். அது உயிரோடிருந்தபோதே, 1934இல், வெண்கலச் சிலை வைத்தனர். 1935 மார்ச்சு 8இல் அது இறந்தது. பின்னர்ப் போருக்கு உலோகம் வேண்டுமென்று அச்சிலையையே உருக்கிவிட்டனர். இன்றுள்ள சிலை 1948இல் எழுந்தது. அதே போரில்தான் நம் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்தில் மாண்ட நம்மவருக்கே பெயர்ப் பட்டியல் முழுமையாக இல்லை. அவர்களுக்காக லயத்து வாசலில் காத்திருந்தவற்றைப் பற்றி யார் எழுதியிருக்கப் போகின்றார்கள்?

தோட்டத் துண்டாடல் 1950களிலும் 60களிலும் தமிழரை அலைக்கழித்தது. சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அவ்வலைக்கழிப்பைத் தடுக்கவே. ஆயினும் பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின், குனோங் ராப்பாட் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தன. லாரியில் கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, சாமிப் படங்கள் மடியில் ஏறின. அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை. லாரியின் பின்னே தோட்டத்து வாயில் வரை ஓடிவந்த நாயைப் பற்றி, அந்நாளைய சிறுவர்கள் பலர் இன்று நரைத்த தலையோடு பேசுகின்றனர். அவர்கள் தாயும் தந்தையும் அன்று அழுததில்லை. வேலை போயிற்று, வீடு போயிற்று, மூன்று தலைமுறை வாழ்ந்த மண் போயிற்று. இத்தனைக்கும் நடுவில் நாய்க்காக அழுவதற்கு நாணினர்.

இந்த நாணம் நம் வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிட்டது என்பது என் கருத்து. 'எனது செல்லப் பிராணி' என்னும் தலைப்பில் நாம் எழுதப் பயிற்றும் கட்டுரை யாவரும் அறிந்ததே. நாய்க்கு நான்கு கால்கள், ஒரு வால்; அது நன்றியுள்ள பிராணி; நாம் அதனிடம் அன்பு செலுத்த வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் கற்பித்ததும் இதே சட்டகமே. நாமும் முப்பது ஆண்டுகளாக இதையே கரும்பலகையில் எழுதி வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இச்சட்டகத்தைக் கைவிட்டாள். முதல் நாள் மாலை சாலையில் அடிபட்டு இறந்த தன் நாயைப் பற்றி எழுதினாள். அதன் தட்டைக் கழுவி வைக்கலாமா, வெளியே எறியலாமா எனப் பாட்டியிடம் கேட்டதாகவும், பாட்டி விடை கூறாமல் தட்டை வாங்கி அடுப்படியில் கவிழ்த்து வைத்ததாகவும் எழுதியிருந்தாள். வகுப்பில் அதைப் படித்தபோது ஒரு மாணவன் சிரித்து, "நாய்தானே!" என்றான். அவனை நான் கடியவில்லை. அவன் வீட்டில் கேட்டதை அவன் சொன்னான். அடுத்த பாடவேளையில் எடுத்தனூர்க் கல்லைப் பற்றிக் கூறினேன். கோவிவன் என்னும் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். மாணவி தன் நாயின் பெயரை அதன் கீழே தானே எழுந்துவந்து எழுதினாள். சிரித்தவன் தன் வீட்டு நாயின் பெயரையும் எழுதலாமா எனக் கேட்டான்.

அதன் பின்னர், பழைய தோட்டங்களிலிருந்து ஈப்போவில் குடியேறிய முதியோரைச் சந்திக்கும் போதெல்லாம் ஒரு வினாவைக் கேட்டு வருகின்றேன். கிராணியின் பெயர் பலருக்கு மறந்திருக்கின்றது. துரையின் பெயரை ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறுவாறும் கூறுகின்றனர். லயத்தின் எண்ணைச் சொல்லத் தயங்குகின்றனர். நாயின் பெயரைக் கேட்டால் மட்டும் எவரும் தயங்குவதில்லை. கருப்பன், வெள்ளச்சி, மணி, டைகர், சீசர், ராணி எனச் சட்டென்று விடை வருகின்றது. சிலர் பெயரைச் சொல்லிவிட்டு, அது எந்த நிரையில், எத்தனையாவது மரத்தடியில் கிடக்கின்றது என்பதையும் சொல்கின்றனர். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகின்றேன். தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ ஆண்டு, நாயின் பெயர், அது செய்த செயல் ஒன்று, இவ்வளவே. அண்மையில் எழுதிய குறிப்பு, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் 1960களில் பால்வெட்டிய மூதாட்டி ஒருவர் கூறியது. அவருடைய நாயின் பெயர் வீரன். அவர் பேறுகாலத்திற்காக மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் அது நாள்தோறும் இருட்டில் தனியே அவருடைய நிரைக்குச் சென்று, வெளிச்சம் வந்தபின் லயத்திற்குத் திரும்பியதாம்.